வீட்டில் ஆள் வைப்பதா, இல்லத்தில் சேர்ப்பதா, கோவையில் வில்லா வாங்குவதா?

வயதான அம்மாவை எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு பெரும்பாலும் "மாசம் எவ்வளவு ஆகும்?" என்றுதான் தொடங்குகிறது. அதற்கு முன்பே கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது: நாளைக்கே அம்மா படுத்த படுக்கையாகிவிட்டால் இந்த ஏற்பாடு தாங்குமா? நம் ஊரில் கிடைக்கும் மூன்று வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன். திருச்சியில் சொந்த வீட்டில் தனியாக இருக்கும் 76 வயது அம்மா, வெளியூரில் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி, சொந்த வீட்டிலேயே ஆள் வைப்பது. தெரிந்த தெரு, பழகிய அடுப்படி, வாசலுக்கு வரும் பூக்காரம்மா. இதற்கு ஈடாக எந்த இல்லமும் எதையும் தரமுடியாது. அம்மா தானாக எழுந்து பாத்ரூம் போய்வரும்வரை இதுதான் நல்லது, செலவும் குறைவு. ஆனால் இரவுக்கும் ஆள் தேவைப்படும் நாளில் கணக்கு தலைகீழாகிவிடும். ஏஜென்சி 12 மணி நேர ஷிஃப்டுக்கு 800 ரூபாய் கேட்கிறது என்றால் பகலுக்கு மட்டும் மாதம் 24,000. இரவையும் சேர்த்தால் 48,000. சாப்பாடு, டயப்பர், மருந்து தனி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அட்டெண்டர் ஊருக்குப் போனால் மாற்று ஆள் வருவார் என்ற நிச்சயம் கிடையாது. அரை மணி நேரத்தில் வந்து எட்டிப்பார்க்க ஒரு சித்தியோ மாமாவோ பக்கத்தில் இல்லையென்றால், கேமரா மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கமுடியாது.

இரண்டாவது, கட்டணம் வாங்கும் முதியோர் இல்லம். டெபாசிட் கட்டி, மாதாமாதம் அறைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுப்பது. வருமான வரிச் சட்டத்தில் பதிவான அறக்கட்டளை நடத்தும் இல்லமாக இருந்து, தங்கல், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய்க்குள் இருந்தால், 60 வயது நிறைந்தவர்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் வரி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இதில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்" என்ற நிபந்தனையோடுதான் பல இல்லங்கள் சேர்த்துக்கொள்கின்றன. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்ததும், "இனி எங்களால் பார்க்கமுடியாது, கூட்டிக்கொண்டு போங்கள்" என்பார்கள். அந்த நேரத்தில் ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய இடி கிடையாது. நர்சிங் வசதி உள்ளேயே இருக்கிறதா, அதற்கு மாதம் எவ்வளவு கூடும், டெபாசிட்டில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வது போதாது.

பார்க்கப் போகும்போது வரவேற்பறையில் உட்காராமல் நேராக பாத்ரூமுக்குப் போங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே திறக்கும் கதவென்றால், விழுந்து கிடப்பவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். கமோடு பக்கத்துக் கைப்பிடியில் உங்கள் முழு எடையையும் போட்டு இழுத்துப் பாருங்கள். வீல்சேர் உள்ளே நுழைகிறதா? இன்னொன்று, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். கை நடுங்குகிறவர்களுக்கு யாராவது ஊட்டிவிடுகிறார்களா, தட்டு அப்படியே திரும்பிப் போகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

மூன்றாவது, கோவைப் பக்கம் இருக்கும் ஓய்வுக்கால குடியிருப்பில் வீடு வாங்குவது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, பெரிய மருத்துவமனைகள், விமான நிலையம் என்று கோவைக்கு ஓய்வுக்கால ஊர் என்ற பெயர் வந்ததற்குக் காரணங்கள் உண்டு. அறுபதுகளின் தொடக்கத்தில் கணவன் மனைவியாகப் போய், நடைப்பயிற்சி, கச்சேரி, பஜனை என்று கூட்டாளிகளைச் சேர்த்துக்கொள்பவர்களுக்கு அருமையான ஏற்பாடு. 76 வயதில் தனியாக இருக்கும் அம்மாவுக்காக வாங்குவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். விலைக்கு மேல் 7 சதவீத முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம். வாங்கிய பிறகும் மெயின்டனன்ஸ், மெஸ் பில் நிற்காது. அம்மாவின் காலத்துக்குப் பிறகு வீடு பூட்டிக் கிடந்தாலும் மெயின்டனன்ஸ் கட்டவேண்டும். குறிப்பிட்ட வயதைக் கடந்தவர்தான் குடியிருக்கலாம் என்ற விதி இருந்தால், விற்க ஆள் கிடைப்பதும் கஷ்டம்.

அந்தப் பணத்தில் 30 லட்சத்தை தபால் அலுவலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். மாதக் கணக்கில் 20,500. அதோடு திருச்சி வீட்டு வாடகையையும் பென்ஷனையும் சேர்த்தால் ஒரு நல்ல இல்லத்தின் மாதக் கட்டணத்தை எட்டிவிடலாம், முதலும் கையில் இருக்கும். 70 வயது கடந்தவர்களுக்கு 2024-இல் மத்திய அரசு விரிவாக்கிய ஆயுஷ்மான் காப்பீட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது மருத்துவமனையில் சேர்வதற்கானது, அட்டெண்டர் சம்பளத்துக்கு உதவாது.

ஆக, அம்மா நடமாடுகிறார், பக்கத்தில் சொந்தம் இருக்கிறது என்றால் வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நர்சிங் வசதி உள்ள இல்லத்தில் வாடகைக்கு, முதலில் ஒரு மாதம் மட்டும். அதன் பிறகு அம்மாவே சொல்லட்டும்.

திருச்சி வீட்டை அவசரப்பட்டு யார் பேருக்கும் எழுதவேண்டாம். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், அம்மாவைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைச் செட்டில்மென்ட் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். எழுதி வாங்கியவர் பிறகு கைவிட்டால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரும்போது அந்த ஒரு வரிதான் அம்மாவுக்குக் கைகொடுக்கும்.