கொழும்பின் பழைய சுவர்களுக்கு எந்தச் சோதனை? நிலநடுக்க மதிப்பீட்டு முறைகள்: ஓர் ஒப்பீடு

இலங்கையில் எங்கே நிலநடுக்கம் என்று கேட்பவர்களிடம் 1615-ஐச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வருடம் ஏப்ரல் 14 அன்று கொழும்பு குலுங்கியது, இருநூறு வீடுகள் இடிந்தன, இரண்டாயிரம் பேர் மாண்டனர் என்று போர்த்துக்கேயர் காலப் பதிவு சொல்கிறது. எண்ணிக்கையில் பாதியைக் கழித்துவிட்டாலும் அது சின்ன அதிர்வல்ல. 2012 ஏப்ரலில் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் வந்தது இங்கும் உணரப்பட்டது. 2020-இல் கண்டிக்குப் பக்கத்தில் திகன பகுதி பல தடவை அதிர்ந்தது.

"இருநூறு வருடம் நின்ற கட்டடம், இனியும் நிற்கும்" என்ற பேச்சு நம்மவர்களிடம் நிறைய உண்டு. அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் வைத்தியசாலை 1681 வாக்கில் இருந்தது. வொல்வெண்டால் தேவாலயம் 1757-இல் திறக்கப்பட்டது. புறக்கோட்டையின் பழைய நகர மண்டபம் 1873, நூதனசாலை 1877, கார்கில்ஸ் கட்டடம் 1906. எல்லாமே 1615-க்குப் பிறகு எழுந்தவை. வெயிலையும் மழையையும் குண்டையும்கூடத் தாங்கியிருக்கலாம். பக்கவாட்டில் பலமாகக் குலுக்கும் சோதனை மட்டும் இவற்றுக்கு இதுவரை வரவில்லை.

சரி, யாராவது உங்கள் கோவில் பரிபாலன சபைக்கோ பங்குச் சபைக்கோ "நிலநடுக்கப் பாதிப்பு மதிப்பீடு செய்து தருகிறோம்" என்று வந்தால், அவர்கள் செய்யப்போவது நான்கு விதமான வேலைகளில் ஒன்றாக இருக்கும். நான்குக்கும் பெயர் ஒன்றுதான். பதில்கள் வெவ்வேறு.

வாசலில் நின்று போடும் புள்ளி

அமெரிக்காவின் பேரிடர் முகாமை நிறுவனமான ஃபீமா 1988-இல் வெளியிட்ட ஃபீமா 154 படிவம் இந்த வகையில் பிரபலம். ஒருவர் கட்டடத்தைச் சுற்றி நடப்பார். எந்த வகைக் கட்டுமானம், எத்தனை மாடி, வடிவம் கோணலா, எப்படிப்பட்ட மண் என்று குறிப்பார். அரை மணி நேரத்தில் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் மடக்கைக் கணக்கில் வருவது: 2 என்றால் கடுமையான அதிர்வில் இடிந்துவிழ நூற்றில் ஒரு வாய்ப்பு, 3 என்றால் ஆயிரத்தில் ஒன்று. 2-க்குக் கீழே போனால் விரிவாகப் பாருங்கள் என்பது வழமையான விதி.

பெரிய நகரத்தில் ஆயிரக்கணக்கான கட்டடங்களைச் சல்லடை போட இது நல்ல முறைதான். கொழும்பில் இரண்டு இடத்தில் சறுக்குகிறது. முதலாவது, கம்பி வலுவூட்டல் இல்லாத கட்டுவேலை எல்லாவற்றுக்கும் அதில் ஒரே பெட்டி. கபுக் கல்லும் (செம்புரைக்கல்) செங்கல்லும் முருகைக்கல்லும் கருங்கல்லும் அந்தப் பெட்டிக்குள் போய்விடும். இரண்டாவது இன்னும் மோசம். படிவத்தைத் தொடங்கும்போதே வட்டாரத்தின் அதிர்வு மட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "குறைவு" என்று குறித்த அந்த நொடியிலேயே அடிப்படைப் புள்ளி உயர்ந்துவிடும், பெரும்பாலும் எல்லாக் கட்டடமும் பாஸ். கட்டடத்தைப் பற்றி எதுவும் சொல்லாத ஒரு பாஸ் அது.

கண்ணுக்குத் தெரியாதது அந்தப் படிவத்துக்கும் தெரியாது. 1997 செப்டெம்பரில் இத்தாலியின் அசிசியில் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் கூரை வளைவு இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். முதல் அதிர்வின் சேதத்தைப் பார்க்கப் போனவர்கள் அதில் இருந்தார்கள். வளைவின் முதுகில் காலம் காலமாகச் சேர்ந்திருந்த உதிரி நிரப்பு அதைச் சமநிலை தவற வைத்தது என்பது பிற்பாடு ஆராய்ந்தவர்களின் முடிவு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது ஓவியம் மட்டும்தான். நம்மூர்ப் பழைய கட்டடங்களில் பொய்க்கூரைக்கு மேலே என்ன இருக்கிறது என்று யாராவது அண்மையில் ஏறிப் பார்த்திருக்கிறார்களா?

பதினொரு கேள்விப் பட்டியல்

1984-இல் பெனடெட்டி, பெட்ரினி என்ற இரண்டு இத்தாலியர்கள் முன்வைத்த பாதிப்புச் சுட்டெண் முறை இது. சுவர்களின் அமைப்பு, கட்டுவேலையின் தரம், சுவர்ப் பரப்பின் அளவு, அத்திவாரமும் நிலமும், தளங்கள், கிடைவடிவம், உயரவடிவம், சுவர்களுக்கு இடையிலான தூரம், கூரை, தொங்கும் அலங்காரங்கள், பராமரிப்பு நிலை எனப் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் நான்கு தரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை. கூட்டினால் அதிகபட்சம் 382.5 வரும், அதை நூற்றுக்கு மாற்றிக்கொள்வார்கள். பின்னாளில் போர்த்துக்கல்லின் கொயிம்ப்ரா நகரில் இதைப் பதினான்காக விரித்தார்கள். ஒட்டிக் கட்டிய வரிசையில் வீடு எங்கே இருக்கிறது என்பதும் அதில் சேர்ந்தது. பிரதான வீதிக் கடை வரிசைகளுக்கு அந்தக் கேள்வி கட்டாயம் வேண்டும். நடுவிலிருக்கும் கடையை இரண்டு பக்கமும் தாங்குகின்றன. மூலைக் கடைக்கு ஒரு பக்கம் வெறும் காற்று.

கேள்விகள் நல்லவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பேர வாவிப் பக்கத்து நிரப்பிய நிலத்துக்கும் வொல்வெண்டால் மேட்டுக்கும் வேறு வேறு தரம் விழும். கீழ்மாடியில் கடைவாசலுக்காகச் சுவரை வெட்டி இரும்பு விட்டத்தைக் கொடுத்திருந்தால் அதுவும் மாட்டும். எந்தக் கேள்விக்குப் புள்ளி போனது என்று திரும்பிப் பார்க்க முடிவது பெரிய வசதி.

ஆனால் அந்த எண்ணை "இத்தனை சதவீதம் சேதம்" என்று மாற்றித் தருபவர்களிடம் கவனமாக இருங்கள். அந்த வளைகோடுகள் இத்தாலியில் நிலநடுக்கங்களுக்குப் பிறகு வீடு வீடாக எடுத்த சேதக் கணக்கிலிருந்து வந்தவை. கொழும்பில் அப்படி ஒரு கணக்கு இல்லை, எடுக்க வாய்ப்பு வராமலிருந்ததே நல்லது. ஆகவே இங்கே சுட்டெண்ணால் செய்யக்கூடியது வரிசைப்படுத்துவது ஒன்றுதான். செட்டியார் தெருவில் எந்தக் கட்டடத்தை முதலில் பார்ப்பது என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும்.

இதைவிட எனக்கு உறுத்துவது தளத்தைப் பற்றிய ஐந்தாவது கேள்வி. மூல முறையில், விறைப்பான, சுவர்களோடு நன்றாகப் பிணைந்த தளத்துக்கு முதல் தரம். மரத்தளம் கீழே போகும். இப்போது புறக்கோட்டையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: உளுத்த மரத்தளத்தைக் கழற்றிவிட்டுக் கொங்கிரீட் தட்டுப் போடுகிறார்கள். படிவத்தின்படி கட்டடம் தேறிவிட்டது! இதே நம்பிக்கையில் இத்தாலியிலும் எழுபது எண்பதுகளில் பழைய வீடுகளுக்குக் கொங்கிரீட் தளமும் கூரையும் ஏற்றினார்கள். 1997 அதிர்வில் உம்ப்ரியாவின் செல்லானோ போன்ற ஊர்களில் அப்படிப் "பலப்படுத்திய" வீடுகள் மோசமாக நொறுங்கின. மேலே பாரம், கீழே உதிரிக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட இரட்டைத்தோல் சுவர், அதாவது ஒன்றோடொன்று சரியாகப் பிணையாத இரண்டு படலங்கள். தட்டு அப்படியே நிற்க, அதன் கீழே சுவர் பிதுங்கி வெளியே வந்தது. சுவரின் தரத்தைப் பார்க்காமல் தளத்துக்குப் புள்ளி போடக் கூடாது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. நீங்கள் இந்த முறையை எடுத்தால், அந்தக் கேள்விக்கு எப்படிப் புள்ளி போட்டீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

சுவர் சுவராகக் கவிழ்த்துப் பார்ப்பது

என் வாக்கு இதற்குத்தான். காரணம் எளிது. பழைய கட்டடங்கள் பெரும்பாலும் முழுதாக நொறுங்குவதில்லை. துண்டு துண்டாகக் கழன்று விழுகின்றன: முகப்புச் சுவர் வெளியே சாய்கிறது, மூலை பிய்கிறது, மேல்விளிம்புக் கைப்பிடிச் சுவர் வீதியில் விழுகிறது. ஆகவே எந்தத் துண்டு எந்த இடத்தில் மடங்கிக் கவிழும் என்று வரைந்து, அதற்கு எவ்வளவு பக்கவாட்டு விசை வேண்டும் என்று கணக்குப் போடலாம். 1966-இல் ஜாக் ஹேமன் என்ற பொறியியலாளர் கற்கட்டுக்கு மூன்று எடுகோள்களை வைத்தார்: கல் இழுவையைத் தாங்காது, அமுக்கத்தில் நொறுங்காது, கல்மேல் கல் வழுக்காது. கணக்கு அந்த அடித்தளத்தில் நிற்கிறது.

தனியாக நிற்கும் சுவருக்கு இது ஒரே வரி: தடிப்பை உயரத்தால் வகுங்கள். 60 சென்டிமீட்டர் தடிப்பு, 6 மீட்டர் உயரம் என்றால் 0.1. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் வந்தால் சுவர் அடியில் ஆடத் தொடங்கும். 45 சென்டிமீட்டர் சுவர் 9 மீட்டருக்கு எழுந்தால் 0.05 போதும். உத்திரங்கள் சுவருக்குள் சரியாகப் போய்ப் பிணைந்திருக்கின்றனவா, மூலைகளில் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோர்த்திருக்கின்றனவா என்பதைப் பொறுத்து இந்த எண் ஏறும். மேல்மட்டத்தில் இரும்பு இழுவைக் கம்பி ஒன்றைக் கொடுத்துத் தலையைப் பிடித்தால் சுவர் நடுவில் மடங்கித்தான் விழ முடியும். அதற்கு வேண்டிய விசை குறைந்தது இரண்டு மடங்கு. ஒரு கம்பியால் என்ன பயன் என்று பொருளாளர் கேட்டால் காட்ட ஓர் எண் இருக்கிறது, பாருங்கள்.

ஆடத் தொடங்குவது வேறு, விழுவது வேறு. 60 சென்டிமீட்டர் சுவர் கவிழ அதன் புவியீர்ப்பு மையம் 30 சென்டிமீட்டர் நகர வேண்டும். சட்டென்று வந்து போகும் அதிர்வில் சுவர் ஆடிவிட்டுத் திரும்பி உட்காரவும் கூடும். இத்தாலிய விதிகள் இந்த இடப்பெயர்ச்சிக் கணக்கையும் கேட்கின்றன. நல்ல பொறியியலாளர் இரண்டையும் தருவார்.

தேவாலயங்களுக்கு வேலை இன்னும் சுலபம். 2011 இத்தாலிய வழிகாட்டி, தேவாலயம் உடையக்கூடிய 28 வழிகளைப் பட்டியலிட்டிருக்கிறது: முகப்புக் கவிழ்வு, வளைவுகள், குவிமாடம், மணிக்கோபுரம் எல்லாம் அதில் உண்டு. கொட்டாஞ்சேனை சாந்த லூசியா பேராலயமோ வொல்வெண்டாலோ, அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தாலே பாதி வேலை முடியும்.

நம் கோவில்களுக்கு அந்தப் பட்டியல் பொருந்தாது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலை எடுங்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பணி செய்தது. தூணும் அதன்மேல் கல்விட்டமும் எடை தாங்கும் மண்டபத்தில் சுவர் எங்கே கவிழப்போகிறது? அங்கே கேட்க வேண்டியது தூண் ஆடினால் விட்டத்தின் முனை தூணின் தலைக்கல்லான போதிகையிலிருந்து நழுவுமா என்பதுதான். கணக்கின் தத்துவம் மாறாது, படத்தை மட்டும் புதிதாக வரைய வேண்டும். இந்த முறையை நான் விரும்புவதற்கு இதுவும் காரணம்: இத்தாலியின் சேதப் புள்ளிவிவரம் எதையும் கடன் வாங்கவில்லை. தேவைப்படுவது அளவுநாடாவும் புவியீர்ப்பும். அவை உம்ப்ரியாவிலும் கொழும்பிலும் ஒன்றே.

பலவீனம் இல்லாமல் இல்லை. சுவர் ஒரே துண்டாகச் சாயும் என்று இது நம்புகிறது. சாந்து பொடியாகிப்போன சுவர் சாய்வதற்கு முன்பே உதிர்ந்துவிடும். கபுக் கல் வெட்டும்போது மெதுவாக இருந்து காற்றுப்பட்டு இறுகும், ஆனால் தொடர்ந்து நனைந்தால் அடிவரிசை கரையும். ஆகவே கணக்குக்கு முன்னால் பூச்சை இரண்டு மூன்று இடங்களில் உரித்துப் பார்த்தே ஆக வேண்டும். பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டிப் போனால், தட்டிப் பார்த்தே சுவர் உள்ளே பொள்ளலா என்று சொல்லிவிடுவார்.

கணினிப் படங்கள்

கடைசி வகை, நிறம் நிறமாகப் படம் வரும் அறிக்கை. இதிலும் இரண்டு உண்டு. சுவரைத் தூண்களும் விட்டங்களுமாகப் பாவித்துத் தள்ளிப் பார்க்கும் ட்ரெமுரி போன்ற மென்பொருள் வேகமானது. ஆனால் தளங்கள் சுவர்களைப் பெட்டிபோல் கட்டி வைத்திருக்கின்றன என்று அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. மரத்தளம் சுவரில் சும்மா உட்கார்ந்திருக்கும் கடைவீட்டில், நாம் பயப்படும் விஷயமே கணக்கிலிருந்து கழன்றுவிடும்.

முழுக் கட்டடத்தையும் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கும் முடிவுறு கூறு முறை சக்திவாய்ந்தது. கபுக் கட்டின் மீள்தன்மை என்ன, இழுவை வலிமை என்ன, விரிசல் பரவ எவ்வளவு சக்தி வேண்டும் என்றெல்லாம் கேட்கும். சுவரிலேயே ஃபிளாட் ஜாக் (சாந்து மூட்டில் செருகி அழுத்தும் தட்டையான கருவி) வைத்து அளக்காமல் புத்தகத்திலிருந்து எண்ணை எடுத்துப் போட்டிருந்தால், அந்த அறிக்கையின் கனம் காகிதத்தின் கனம்தான். வடிவம் சிக்கலான, பணமும் ஆய்வுக்கூடமும் கிடைக்கக்கூடிய நூதனசாலை போன்றவற்றுக்கு இதைச் செய்யலாம். அப்போதும் கட்டடத்தின் இயல்பான அதிர்வை உணர்கருவி வைத்து அளந்து மாதிரியோடு ஒப்பிட்டார்களா என்று பாருங்கள். வாகன ஓட்டமும் காற்றும் தரும் அதிர்வே அந்த அளவீட்டுக்குப் போதும், சுவரில் ஒரு துளைகூட வேண்டாம்.

எதை எதற்கு எடுப்பது? கடை வரிசைக்குக் கொயிம்ப்ராவின் பதினான்கு கேள்விகள், அதில் மோசமாக வருபவற்றுக்குச் சுவர்க் கணக்கு. தனித் தேவாலயத்துக்கும் கோவிலுக்கும் நேரே சுவர்க் கணக்கு. வாசல் புள்ளியை மாநகர சபை அளவிலான கணக்கெடுப்புக்கு விட்டுவிடலாம். அறிக்கை கேட்டு எழுதும் கடிதத்தில் மூன்று விஷயங்களைச் சேருங்கள்: ஒவ்வொரு சுவருக்கும் கவிழ்வு வரைபடமும் எண்ணும் வேண்டும், பூச்சு உரித்த இடங்களின் படம் வேண்டும், இழுவைக் கம்பி போட்டால் எண் எவ்வளவு மாறும் என்று காட்ட வேண்டும். தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் பூச்சை உரிக்கும் முன்பே தொல்பொருள் திணைக்களத்தில் அனுமதி எடுக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை முதலில் போடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் நகரும்.