காத்திருக்கத் தெரிந்த திரை: நேரடி நடனத்துக்கு எந்தத் தொழில்நுட்பம் பொருந்தும்?

பெங்களூரில் பகலில் மென்பொருள் எழுதிவிட்டு மாலையில் நடன ஒத்திகைக்குப் போகிறவர்கள் பலர். நானும் அவர்களில் ஒருவன். அல்சூரில் பரதநாட்டியம் கற்பிக்கும் டீச்சர் ஒருவருக்காகச் சில ஆண்டுகளாகப் பின்திரைக் காட்சிகளை அமைத்துவருகிறேன். நடனத்தோடு டிஜிட்டல் காட்சியை இணைக்க இன்று பல வழிகள் உள்ளன. அவற்றை எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: கச்சேரியின் நீண்ட உருப்படியான வர்ணத்தில் பாடகர் ஓர் அடியைத் திரும்பத் திரும்பப் பாட, ஆடுபவர் அந்த அடியின் பொருளை விரித்துக்காட்டும் சஞ்சாரியை நீட்டிக்கொண்டே போகும்போது, திரை அவருக்காகக் காத்திருக்குமா?

முன்கூட்டியே தயாரித்த காணொளி காத்திருக்காது. பதிவு செய்த இசைக்கு ஆடும் பள்ளி ஆண்டுவிழாவுக்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கமும் பாட்டும் நேரடியாக இருக்கும் மேடையில், ஒரு அடி நான்கு முறை வருமா ஆறு முறை வருமா என்பது அன்றைய மாலையில்தான் முடிவாகும். காணொளியோ தன் நேரத்துக்கு ஓடி முடிந்து, மீதி நேரமெல்லாம் கறுப்புத் திரையைக் காட்டும். 1999இல் அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் அமைத்த 'பைபெட்' நடனத்தில், உடலசைவைக் கணினியில் பதிவு செய்யும் மோஷன் கேப்சர் மூலம் உருவாக்கிய கோட்டுருவங்கள் ஆடுபவர்களுக்கு முன்னாலிருந்த மெல்லிய திரையில் வீழ்த்தப்பட்டன. அது வெற்றியும் பெற்றது. ஆனால் நடனமும் இசையும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே நடக்கலாம் என்பது கன்னிங்ஹாமின் நெடுநாள் கொள்கை. தாளத்தின் மேல் நிற்கும் நம் ஆட்டத்துக்கு அந்த வசதி கிடையாது.

அடுத்தது தூரத்தையும் அளக்கும் டெப்த் கேமரா. 2010இல் வீடியோ விளையாட்டுக்காக வெளிவந்த கினெக்ட், உலகெங்கும் மேடைக் கலைஞர்களின் கருவியாக மாறியது. அதன் இரண்டாம் பதிப்பு அகச்சிவப்பு ஒளி போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளந்து, உடலில் 25 புள்ளிகளை நொடிக்கு 30 முறை கணித்துத் தரும். அந்தத் தகவலை, நேரடிக் காட்சிகளை உருவாக்கும் டச்டிசைனர் போன்ற மென்பொருளுக்கு அனுப்பினால், கையை வீசும் திசையில் திரையில் பொறி பறக்கும். முதல் நாள் ஒத்திகையில் எல்லோரும் கைதட்டுவார்கள். சிக்கல்கள் பிறகுதான் தெரியவரும். அந்தக் கேமராவின் எல்லை ஏறத்தாழ நான்கரை மீட்டர் என்பதால் பெரிய மேடை முழுவதையும் அது காணாது. பழைய ஹாலஜன் விளக்குகள் ஏராளமான அகச்சிவப்பை உமிழ்வதால், எல்.இ.டி. விளக்கு இல்லாத அரங்கில் அது தடுமாறும். முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில் விரியும் உடையின் விசிறி மடிப்பை எங்கள் ஒத்திகையில் அது மூன்றாவது காலாகவே எடுத்துக்கொண்டது.

தாமதமும் உண்டு. கேமரா, கணினி, புரொஜெக்டர் மூன்றும் சேர்ந்து எளிதாக 100 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். தாளத்தின் ஓர் எண்ணிக்கையான அட்சரம் நொடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், நான்கு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் 250 மில்லிநொடிக்கு ஒரு காலடித் தட்டு விழும். அதில் 100 மில்லிநொடி பிந்திய படம் தாளம் தப்பிய படமாகவே கண்ணில் படும். முகத்தாலும் கையாலும் பொருளைக் காட்டும் மெதுவான அபிநயத்தில் இது உறுத்தாது. அங்கேயோ வேறொரு குறை: கேமரா காத்திருக்கும், ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. கிருஷ்ணனை அழைக்கும் கையும் நெற்றி வியர்வையைத் துடைக்கும் கையும் அதற்கு ஒன்றே. 2006இல் ஆஸ்திரேலியாவின் சங்க்கி மூவ் குழு ஆடிய 'குளோ' இந்த முறையில் மிகச் சிறப்பாக அமைந்ததற்குக் காரணம், ஒரே ஒரு ஆட்டக்காரர், தரையில் வீழும் ஒளி என்று எல்லாமே கேமராவுக்கு ஏற்றபடி முதலிலிருந்தே திட்டமிடப்பட்டதுதான்.

மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சென்சார் கட்டும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. இருட்டிலும் அது வேலை செய்யும். ஒளி அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் வளையலுக்கும் சலங்கைக்கும் நடுவே அதற்கு இடமில்லை என்று ஆடுபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அதோடு, காலி அரங்கில் ஒழுங்காக ஓடிய வைஃபை, சட்டைப்பையில் கைபேசியோடு முந்நூறு பேர் வந்து அமர்ந்ததும் விட்டுவிட்டு வருகிறது.

எஞ்சியிருப்பது நான் ஆதரிக்கும் வழி: தரையின் ஒலியும் ஒரு மனிதரின் கையும். மின்னணுப் பொருள்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், அதிர்வை மின்சைகையாக மாற்றும் பீசோ வில்லையை மேடைப் பலகையின் அடியில் ஒட்டினால், தட்டு விழும் கணத்தை அது கேமராவைவிட மிக விரைவாகப் பிடித்துவிடும். சலங்கைக்கு நேராக மைக் வைத்தால் இது நடக்காது. சலங்கை ஓயாமல் ஒலிப்பதால் எது தட்டு என்று பிரிக்க முடியாது. தாளச் சொற்களுக்கு ஆடும் ஜதிகளுக்கு இந்த வில்லை போதும். அபிநயத்துக்குப் பாட்டும் ஆட்டமும் தெரிந்த ஓர் ஆபரேட்டர் வேண்டும். காட்சிகளைச் சிறுசிறு துண்டுகளாக, முடிவின்றிச் சுழலும்படி அமைத்துவிட்டு, எப்போது அடுத்ததற்குப் போவது என்பதை அவர் விரல் தீர்மானிக்க வேண்டும்.

இது பழைய முறை என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பழையதுதான்: தோற்பாவைக்கூத்தில் பாடுகிறவரே பாவையையும் ஆட்டுவதால், அங்கே குரலுக்கும் உருவத்துக்கும் இடையே தாமதம் என்ற பேச்சே எழுவதில்லை. 1965இல் இசையமைப்பாளர் ஜான் கேஜும் கன்னிங்ஹாமும் சேர்ந்து ஆண்டெனாக்களையும் ஒளியுணரிகளையும் மேடையில் நிறுத்தி, ஆடுபவரின் அசைவால் ஒலியைத் தூண்டிய 'வேரியேஷன்ஸ் ஃபைவ்' நிகழ்ச்சியில்கூட, எந்த ஒலி அரங்குக்குப் போக வேண்டும் என்பதை மிக்ஸர் முன் அமர்ந்திருந்த இசைக்கலைஞர்களே கையாண்டார்கள்.

இந்த முறைக்கும் விலை உண்டு. ஆபரேட்டர் எல்லா ஒத்திகைக்கும் வந்தாக வேண்டும். வெளிவட்டச் சாலையில் வேலை பார்ப்பவர் மாலை ஆறு மணிக்கு அல்சூர் வந்து சேர்வது எளிதன்று. அவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் கிடையாது. அரங்கின் பின்புறக் கண்ணாடி அறையில் அவரை உட்கார வைத்தாலும் பயனில்லை, நட்டுவனார் சொல்லும் சொற்கட்டு அங்கே சரியாகக் கேட்காது. நாங்கள் இப்போது லேப்டாப்பை நட்டுவனாருக்கும் மிருதங்கத்துக்கும் இடையே வைக்கிறோம். திரை வெளிச்சம் பார்வையாளரின் கண்ணில் படாதிருக்க அதன் ஒளியைக் குறைத்து, முன்னால் ஓர் அட்டையை நிறுத்துகிறோம். அங்கிருந்து புரொஜெக்டருக்குச் செல்லும் நீண்ட தூரத்துக்குச் சாதாரண ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை நம்ப முடியாது என்பதால், நெடுந்தூரத்துக்குக் காட்சியைக் கொண்டுசெல்லும் எஸ்.டி.ஐ. கேபிளும் அதற்கான இரு கன்வெர்ட்டர்களும் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது.