ஐந்து டன் இழுக்கும் ட்ரக், 730 கிலோவில் உட்கார்ந்துவிட்டது

கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் இன்டர்லாக் கல் பதிக்கும் சிறு தொழில் எங்களுடையது. ஏப்ரல் கடைசியில் தொடங்கி, நவம்பரில் நிலம் உறையும் வரை, வாரத்துக்கு நான்கைந்து தடவை 1.7 டன் வகை மினி எக்ஸ்கவேட்டர் ஒன்றைப் பிக்கப்பின் பின்னால் இழுத்துப் போகிறேன். இது ஐந்தாவது பருவம். ட்ரக், அரை டன் வகை; அது வகையின் பெயர்தான், சுமக்கும் எடையின் கணக்கு அல்ல. ட்ரெய்லர் 16 அடி நீளம், இரண்டு அச்சு, தன் எடையோடு சேர்த்து 7,000 பவுண்டு, அதாவது 3,175 கிலோ வரை தாங்கும். எந்த நிறுவனத்தினுடையவை என்பதை விட்டுவிடுகிறேன். கீழே வரும் குறைகளில் பாதி என்னுடையவை.

ட்ரக் வாங்கிய நாளில் என் தலைக்குள் ஒரே எண்தான் இருந்தது: விளம்பரத்தில் போட்டிருந்த 5,000 கிலோ இழுவைத் திறன். என் ட்ரெய்லரும் இயந்திரமும் சேர்ந்தே 2,900 கிலோதான், கவலையே இல்லை என்று நினைத்தேன். முதல் மாதத்திலேயே ட்ரக்கின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. என் முன்விளக்கு கண்ணில் குத்தியதால் எதிரே வந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள்.

பதில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருந்தது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து 730 கிலோவைத் தாண்டக்கூடாது என்று எழுதியிருந்தது. ட்ரெய்லரின் கழுத்து ஹிட்சின் மேல், அதாவது ட்ரக்கின் பின்னால் அதைக் கொளுவும் இணைப்பின் மேல், அழுத்தும் எடையும் அந்த 730 கிலோவுக்குள் அடக்கம். அந்த அழுத்தம் ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருந்தால்தான் வண்டி ஒழுங்காக ஓடும்; எனக்கு அது 350 கிலோ. நாங்கள் மூன்று பேர், 250. கல் வெட்டும் மெஷின், டீசல் கேன், மண்வெட்டி, மற்றவை 140. கூட்டிப் பாருங்கள். இழுப்பதற்கு முன்பே ட்ரக் நிரம்பிவிட்டது.

எடையைப் பங்கிடும் வகை ஹிட்ச் ஒன்று வாங்கிப் போட்டேன். இரண்டு வில் கம்பிகள் நெம்பி, பின் அச்சில் விழும் பாரத்தில் ஒரு பங்கை முன் சக்கரங்களுக்கும் ட்ரெய்லரின் அச்சுகளுக்கும் தள்ளிவிடுகின்றன. திருப்பங்களில் கிரீச் கிரீச் என்று கத்தும். தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். ஆனாலும் ஸ்டியரிங்கில் கனம் திரும்பி வந்தது. அதற்காக ஸ்டிக்கரில் உள்ள 730, 800 ஆகிவிடாது. கருவிகளை ட்ரெய்லருக்கு மாற்றினேன். மூன்றாவது ஆள் இப்போது தன் காரில் வருகிறார்.

இரண்டாம் பருவத்தில் நடந்ததை இன்னமும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. மண்ணை இறுக்கும் கம்பாக்டரை ட்ரெய்லரின் முன்பக்கம் வைத்துவிட்டேன் என்பதற்காக எக்ஸ்கவேட்டரை வழக்கத்தைவிட இரண்டடி பின்னால் நிறுத்தினேன். ஹிட்சின் மேல் விழும் அழுத்தம் அதனால் குறைந்துவிட்டது. 401 நெடுஞ்சாலையில், ஒஷாவாவைத் தாண்டி ஒரு சிறு இறக்கம். பெரிய லாரி ஒன்று என்னைக் கடந்து போனது. அதன் காற்று பட்டதும் ட்ரெய்லர் ஒரு பக்கம் அசைந்தது; பிறகு மறுபக்கம்; ஒவ்வொரு அசைவும் முன்னதைவிடப் பெரியது. பிரேக் மிதியை அழுத்தத்தான் கால் போகிறது. அழுத்தினால் பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை மடக்கிவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டாஷ்போர்டில் உள்ள ட்ரெய்லர் பிரேக் கண்ட்ரோலரின் சிறு நெம்புகோலைக் கையால் அழுத்தினேன். ட்ரெய்லர் மட்டும் பிரேக் பிடித்து, பின்னாலிருந்து இழுத்து, நேராக வந்து நின்றது. மச்சான் பக்கத்து இருக்கையில் இருந்தார். அடுத்த வெளிவழி வரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை.

மறுநாள் சரளை விற்கும் இடத்தில் உள்ள எடைமேடையில் ட்ரக்கை ட்ரெய்லரோடும் ட்ரெய்லரில்லாமலும் நிறுத்தி, எக்ஸ்கவேட்டரை முன்னும் பின்னும் நகர்த்தி, கழுத்து எடை 350 கிலோ வரும் இடத்தைக் கண்டுபிடித்தோம். ட்ரெய்லரின் பலகையில் அந்த இடத்தில் மஞ்சள் பெயிண்டால் குறுக்கே ஒரு கோடு. இயந்திரத்தின் சங்கிலிப் பட்டை அந்தக் கோட்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். இவ்வளவு காலத்தில் நான் செய்த செலவுகளில் மிகவும் மலிவானதும் மிகவும் உருப்படியானதும் அந்தப் பெயிண்ட் டப்பாதான்.

கட்டுவதற்கு 5/16 அங்குல, 70-ஆம் தரச் சங்கிலி வைத்திருக்கிறேன். ஒன்றின் பாதுகாப்பான சுமை 4,700 பவுண்டு, சுமார் 2,130 கிலோ. கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் சரக்கின் எடையில் பாதியாவது இருக்க வேண்டும் என்பது விதி. எடைக் கணக்கை மட்டும் பார்த்தால் ஒரு சங்கிலியே போதும். ஆனால் ஒரு சங்கிலி ஒரு பக்கம்தான் இழுக்கும். நான்கு மூலைக்கும் நான்கு, பக்கெட்டைப் பலகையில் இறக்கி வைத்து அதன் மேல் ஐந்தாவது. புறப்பட்ட பிறகு முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நான் பத்தாவது கிலோமீட்டரிலேயே இறங்கிவிடுவேன். அந்த நேரத்துக்குள் ஏதாவது ஒரு சங்கிலி ஒரு கண்ணியாவது தளர்ந்திருக்கும்.

சங்கிலியை இறுக்கும் பைண்டரில் நெம்புகோல் வகையை வாங்கவே வேண்டாம். விடுவிக்கும்போது கைப்பிடி சுழன்று அடித்ததில் மணிக்கட்டு வீங்கி இரண்டு வாரம் வீட்டில் இருந்தேன். பல்சக்கரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கும் ராட்செட் வகை மெதுவானது, கனமானது, விலையும் கூட. ஆனால் அடிக்காது.

இரண்டு அங்குல ராட்செட் பெல்டும் வைத்திருக்கிறோம், கம்பாக்டர் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு. வெயிலில் கிடந்தால் நார் வெளுத்து மொறமொறத்துவிடும். கூரான விளிம்பில் பட்டால் வெட்டும். போன கோடையில் சாலையோரச் சோதனையில் அதிகாரி ஒவ்வொரு பெல்டின் லேபிளையும் விரலால் தடவிப் பார்த்தார். எழுத்து அழிந்த இரண்டைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மற்றவை இருந்ததால் தப்பினோம். ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்து 4,500 கிலோவைத் தாண்டினால் ஒன்ராறியோவில் தொழில் வாகனத்துக்கான பதிவு, தினசரிப் பரிசோதனை, வருடாந்தரச் சோதனையின் ஸ்டிக்கர் எல்லாம் வேண்டும். "பிக்கப்தானே" என்று நினைக்கும் தம்பிமார் இதைக் கவனிக்கவும்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பனிக்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு, ஏழு முனை மின் இணைப்பைப் பச்சையாகத் தின்றுவிடுகிறது. ஒருநாள் காலை கண்ட்ரோலரின் திரையில் ட்ரெய்லரே இல்லை என்று வந்தது. 2,900 கிலோவுக்குப் பிரேக் இல்லை என்று அதற்கு அர்த்தம். இப்போது வசந்தத்தில் ஒருமுறை இணைப்பு முனைகளைச் சுரண்டி மின்காப்புக் கிரீஸ் பூசுகிறேன். ட்ரெய்லர் கழன்றால் தானே பிரேக் பிடிக்கவைக்கும் சிறு பாட்டரியையும் அதே நாளில் சோதிக்கிறேன்.

ட்ரெய்லரை மாற்றும் எண்ணம் இல்லை. ட்ரக்கை மாற்றுகிறேன், முக்கால் டன் வகைக்கு. போன சனிக்கிழமை பார்க்கப் போனபோது விற்பனையாளர் இழுவைத் திறனில் பேச்சை ஆரம்பித்தார். ஓட்டுநர் கதவைத் திறந்து காட்டச் சொன்னேன். 1,340 கிலோ.