"தொழிற்சாலை வி8" என்று தள்ளிவிடப்படும் எம்ஜிபி ஜிடி: பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

இங்கிலாந்தில் ஒரு பழைய கார் வியாபாரி, 1975 மாடல் எம்ஜிபி ஜிடி (எம்ஜி நிறுவனத்தின் கூரையுள்ள ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை "அசல் வி8", அதாவது தொழிற்சாலையிலேயே எட்டு சிலிண்டர் என்ஜின் பொருத்தியது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கே விற்றிருக்கிறார். முன்னும் பின்னும் வி8 பேட்ஜ், உள்ளே ரோவர் என்ஜின். வாங்கிய பிறகுதான் பானெட்டுக்கு அடியில் உள்ள தகட்டைப் படித்திருக்கிறார்கள். சேஸி எண் ஜி-ஹெச்-டி-5 என்று தொடங்கியது. 1798 சிசி, நான்கு சிலிண்டர் காராகப் பிறந்த வண்டி அது.

அசல் வி8 சேஸி எண் ஜி-டி-2-டி-1 என்றுதான் தொடங்கும் (இரண்டுமே டெல்லிக்குப் போடும் டி). அபிங்டனில் உள்ள எம்ஜி தொழிற்சாலையில் செய்தது மொத்தம் 2,591 கார்கள், எல்லாமே கூரையுள்ள ஜிடி. ஆகவே "1974 தொழிற்சாலை வி8 ரோட்ஸ்டர்" (திறந்த கூரை கார்) என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ரப்பர் பம்பர் வந்த பிறகு எல்லா எம்ஜிபிக்கும் வி8-க்கான என்ஜின் அறையையே போட்டார்கள். அதனால் அலுமினிய ரோவர் என்ஜின் வெட்டு, ஒட்டு இல்லாமல் உட்காரும். தடயம் தேடுவது அதனால்தான் கஷ்டம்.

தகட்டின் ரிவெட் புதிதாக மின்னினால் சந்தேகப்படுங்கள். அடுத்து என்ஜின் எண்: அசல் 3528 சிசி என்ஜினுக்கு 486 என்று தொடங்கும். கார்புரேட்டர்கள் இரண்டும் எஸ்யூ ஹெச்ஐஎஃப்6, என்ஜினின் பின்கோடியில் தனி அடாப்டரில் இருக்கும். நான்கு பேரல் ஹோலி கார்புரேட்டர் இருந்தால் அது பிறகு மாற்றியது. ஸ்பீடோமீட்டர் சிறியது, 140 மைல் வரை.

பலரும் பார்க்காமல் விடுவது பின் ஆக்ஸில். அதன் கியர் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, என்ஜினிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றும் என்பது) அசலில் 3.07, நான்கு சிலிண்டரில் 3.9. முன்சக்கரங்களுக்கும் ஒரு பின்சக்கரத்துக்கும் கட்டை வைத்து, மற்றப் பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விட்டிருக்க வேண்டும். தூக்கிய சக்கரத்தைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினால் 3-க்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். 4-ஐ நெருங்கினால் ஆக்ஸில் பழையதே. அந்த வண்டி நெடுஞ்சாலையில் தேவையில்லாமல் கத்தும்.

மாற்றிய கார் மட்டமானதல்ல. ரோவர் எஸ்டி1 காரின் என்ஜினும் ஐந்து கியரும் போட்டது அசலைவிட நன்றாகவே ஓடும். அதற்கு அசல் விலை கேட்பதுதான் மோசடி. வியாபாரி அடம்பிடித்தால், கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தரும் ஹெரிடேஜ் சான்றிதழைக் கேளுங்கள். தொழிற்சாலையில் பொருத்திய என்ஜின் எண் அதில் இருக்கும்.