கல்யாணப் பத்திரம் விற்காத வக்கீல்

சித்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கும் ஒரு சின்ன வக்கீல் ஆபீஸைப் பற்றி எழுதுகிறேன். ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர். வக்கீல் ஒரு அம்மா, தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுவார், பெயர் போட வேண்டாம் என்றதால் போடவில்லை. பெண்ணும் பெண்ணுமாகவோ ஆணும் ஆணுமாகவோ சேர்ந்து வாழ்பவர்கள் சொத்து விஷயத்துக்கு யாரிடம் போவது என்று கேட்டால் இவரைத்தான் கைகாட்டுவேன். குறை இல்லாமல் இல்லை, அதையும் சொல்கிறேன்.

நானும் என் துணைவியும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடியிருக்கிறோம். வீடு என் பெயரில், அவளுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. சொத்து இரண்டு மாநிலத்திலும் இருக்கிறது, கல்யாணம்தான் எந்த மாநிலத்திலும் செல்லாது. இதற்கு முன்னால் போன ஒரு இடத்தில், முத்திரைத்தாளில் கல்யாண ஒப்பந்தம் எழுதித் தருகிறோம், அதிலேயே எல்லா உரிமையும் வந்துவிடும் என்று சொல்லி ஒரு பெரிய தொகை கேட்டார்கள். இந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு, 2023 அக்டோபர் 17 தீர்ப்பிலிருந்து ஆரம்பித்தார். ஒரே பாலினத் திருமணத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரிக்கவில்லை, ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் சிவில் யூனியனும் (கல்யாணம் என்று பெயரில்லாமல் சேர்ந்து வாழ்வதற்குச் சட்ட அங்கீகாரம்) முடியாது என்றார்கள், மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி. குடும்பமாக வாழக் கல்யாணம் மட்டுமே வழி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னதை நான் எடுத்துவிட்டேன். "நல்ல தீர்ப்புதான்மா, ஆனா அதைக் காட்டி தோப்புக்குப் பட்டா மாத்த முடியாது" என்றார்.

உயில் எழுதாமல் நான் கண்ணை மூடினால், 1956 இந்து வாரிசுச் சட்டப்படி வீடு என் அப்பா அம்மாவுக்குப் போகும், அவர்கள் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்கு, அதாவது என் அண்ணன்களுக்கு. இவளுக்கு அதில் ஒரு சென்ட் கூடக் கிடையாது. சரி, இப்போதே தானமாக எழுதிவிடலாமே என்றால் அங்கேயும் கணக்கு இடிக்கிறது. குடும்பத்துக்குள் எழுதினால் கிடைக்கும் சலுகை எங்களுக்கு இல்லை, கேரளத்தில் முத்திரை 8 சதவீதம், பதிவு 2 சதவீதம். அதுக்கு மேல், உறவினர் பட்டியலில் இல்லாதவரிடமிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் வாங்கியவருக்கு வருமான வரி. புருஷன் பெண்டாட்டி என்றால் இந்த வரி கிடையாது. இதை எதிர்த்து ஒரு ஜோடி 2025ல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கே போயிருக்கிறார்கள். உயில் வழியாக வந்தால் இந்த வரி இல்லை. உயிலுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சியும் போதும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் செய்துவிடுங்கள் என்றார். அவர் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சாட்சி விஷயம்: நம்மைவிட வயதில் சின்னவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாகப் பார்த்துப் போடணும், நாளைக்கு அண்ணன் கேஸ் போட்டால் கோர்ட்டில் வந்து நிற்க ஆள் உயிரோடு இருக்கணுமே. வீட்டை அண்ணன்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதையும் உயிலிலேயே இரண்டு வரி எழுதவைத்தார், சுயநினைவோடுதான் எழுதினேன் என்று டாக்டர் சான்றிதழும் வாங்கச் சொன்னார்.

பேங்கில் சேர்ந்து கணக்கு தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடை இல்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசே சொல்லிவிட்டது, அதனால் அந்தக் கவலை தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வாரிசு வந்து கேட்டால் கொடுக்கணும் என்று அப்புறம்தான் புரிந்தது. எல்ஐசியிலும் நாமினிக்கே பணம் சொந்தம் என்பது பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகளுக்குத்தான். அதனால் பாலிசி, டெபாசிட் எல்லாவற்றையும் உயிலில் சேர்த்தோம்.

ஆஸ்பத்திரி விஷயத்துக்குத் தனிக் காகிதம். நாம் பேச முடியாமல் கிடக்கும்போது வைத்தியத்தை நிறுத்துவதா தொடர்வதா என்று யார் சொல்வது என்பதை எழுதிவைக்கும் லிவிங் வில். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முறையை எளிதாக்கிய பிறகு இரண்டு சாட்சியும் நோட்டரி கையெழுத்தும் போதும். ஒருவர் பெயரை ஒருவர் போட்டுக்கொண்டோம். நமக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரம் உயிலுக்கு ஈடாகாது, எழுதிக்கொடுத்த ஆள் இருக்கும்வரைதான், செத்தால் அதுவும் செத்தது.

இப்போது குறை. குமாஸ்தா, வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லார் காதிலும் விழுகிற மாதிரி "ரெண்டு பேருக்கும் என்ன பந்தம்?" என்று கேட்டார். அந்த அம்மா உள்ளே கூப்பிட்டு அவரைக் கண்டித்தார் என்றாலும், இப்படிப்பட்ட ஆபீஸில் அது முதலிலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது. முதல் வரைவு மலையாளத்தில் வந்தது, துணைவிக்கு மலையாளம் படிக்கத் தெரியாது, கேட்ட பிறகே தமிழில் தந்தார்கள். தோப்பின் சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்ததை அவள்தான் பிடித்தாள். போன் எடுப்பது அபூர்வம்.

ஃபீஸ் குறைவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதற்கு எவ்வளவு என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார், அந்தக் கல்யாண ஒப்பந்தத்துக்குக் கேட்டதில் பாதி கூட ஆகவில்லை. காலையில் போகாதீர்கள், கோர்ட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பார். சாயங்காலம் போனால் உட்கார்ந்து பேசுவார், வரி ரசீதும் மூலப்பத்திர நகலும் கையோடு எடுத்துப் போங்கள்.