பாம்பன் சாலையோரக் கருவாடு: எதை வாங்கலாம், எதைத் தள்ளலாம்

இராமேசுவரம் போகிறவர்கள் பாம்பன் பக்கம் வண்டியை நிறுத்திக் கருவாடு வாங்காமல் வருவது அபூர்வம். அங்கே கிடைப்பதில் நெத்திலி, கட்டா, திருக்கை மூன்றைப் பற்றி இங்கே.

நெத்திலிக்குத்தான் முதலிடம். குடல் எடுக்காமல் முழுசாகவே காய்கிற மீன் இது. மீன் செத்தாலும் குடலிலுள்ள டிரிப்சின் போன்ற நொதிகள் ஓய்வதில்லை, சொந்த வயிற்றையே அரிக்கத் தொடங்கும். புரதச் சங்கிலியில் ஒரு கண்ணியை வெட்ட ஒரு நீர் மூலக்கூறு செலவாகிறது. வெட்டுப்பட்ட ஒரு முனையில் ஹைட்ரஜனும் மறுமுனையில் ஹைட்ராக்சிலும் போய் ஒட்டும். நொதிக்குத் தண்ணீர் களம் மட்டுமில்லை, கச்சாப்பொருளும் அதுதான். நெத்திலி மெலிசு என்பதால் நல்ல வெயிலில் சீக்கிரம் ஈரம் இறங்கி, அரிப்பு நின்றுவிடுகிறது. ஒன்றை எடுத்து வளையுங்கள். படக்கென ஒடிந்து, வயிறு கிழியாமல் வெள்ளி மினுக்கம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். வயிறு பழுப்பாகிப் பிய்ந்திருந்தால் காயப்போடத் தாமதம் ஆகியிருக்கிறது. மணலில் உலர்த்தியதை விட்டுவிட்டு வலையில் உலர்த்தியதைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டா நல்ல சரக்குதான், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். சதை தடிமன், பிளந்து, குடல் எடுத்து, மூன்று நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் உப்பு போட வேண்டும். உப்பு ஈரத்தை வெளியே இழுக்கும், மிச்ச ஈரத்தைத் தன்னோடு கட்டிவைக்கும். நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு தண்ணீர் கைக்கு எட்டும் என்று காட்டும் அளவுதான் நீர்ச்செயல்திறன், சுத்தமான தண்ணீருக்கு அது 1. பச்சை மீனுக்கு அது 0.99 அளவில் இருக்கும். உப்பு முழுக்கச் செறிந்தால் 0.75க்கு வந்துவிடும். பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.90 வாக்கிலேயே அடங்கிவிடும். உச்சி வெயிலில் அவசரமாகக் காயவைத்தால் மேற்பரப்பு இறுகி, ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும். முள்ளை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் வேண்டாம். இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தாலும் வேண்டாம். அது உப்பையே விரும்பும் நுண்ணுயிர். அதன் நொதிகளின் மேற்பரப்பில் அமிலத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் நிறைய இருப்பதால், அவ்வளவு உப்பிலும் தண்ணீரைத் தம்மைச் சுற்றிப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உப்பின் தரத்தையும் விடக்கூடாது. இதே கரையில் வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிறது. மெக்னீசியம் குளோரைடு சரியாக வடியாத உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கருவாட்டைப் பிசுபிசுவென ஆக்கிவிடும். நாக்கில் கசப்பும் தட்டும்.

திருக்கையை அரைமனதோடுதான் சொல்ல முடிகிறது. அதன் சதையில் இயல்பாகவே யூரியா உண்டு. பாக்டீரியாவின் யூரியேஸ் நொதி அதைத் தண்ணீரோடு சேர்த்து உடைத்தால் அம்மோனியா வரும். முகர்ந்ததும் கண் எரிந்தால் ஈரம் நெடுநேரம் நின்றிருக்கிறது என்று பொருள்.

இந்தக் கடைகளில் பெரிய குறை பாலித்தீன் பை. சூடு ஆறாமல் கட்டிய பையின் உட்புறம் நீர்த்துளி கோத்திருக்கும். காய்ந்த கருவாட்டில் நொதி அழிந்துபோவதில்லை, முடங்கித்தான் கிடக்கிறது. சலவைத்தூளில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் நொதி, வாளித் தண்ணீரில் விழுந்ததும் வேலையைத் தொடங்குவதைப் போலத்தான் இதுவும். வேகவைத்து உலர்த்தும் மாசிக் கருவாட்டில் இந்தத் தொல்லை குறைவு, கொதியில் நொதியின் வடிவமே குலைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே நமத்துப்போகும். அப்போது கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். காகிதத்தில் சுற்றச் சொல்லி, வீட்டில் ஒரு வெயில் காட்டி, இறுக மூடும் டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

சமைக்கும்போது அரிசி கழுவிய தண்ணீரில் இருபது நிமிடம் ஊறினால் போதும். காலையில் ஊறப்போட்டு மாலையில் குழம்பு வைப்பது கூடாது. ஊறியதை அன்றே அடுப்பில் ஏற்றிவிடுங்கள், மிச்சத்தை மறுபடி காயவைக்க வேண்டாம்.