வன்னி வீதிகளில் மூன்று கிழமை

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வடக்கே புறப்பட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். எதிரே வந்த பஸ் பட்டப்பகலில் இரண்டு தடவை லைற் அடித்துக் காட்டியது. எங்கள் வான் சாரதி உடனே வேகத்தைக் குறைத்தார். "முன்னுக்கு நிக்கிறாங்கள் அண்ணை" என்றார். சொன்னபடியே மரநிழலில் இரண்டு போக்குவரத்துப் பொலிஸ்காரர் நின்றார்கள், ஒருவர் கையில் வேகம் அளக்கும் கருவி.

மூன்றாம் நாள், வேறோர் ஊரில், யாரும் லைற் அடிக்கவில்லை. 50க்குள் ஓட வேண்டிய இடத்தில் சாரதித் தம்பி 63இல் போய்விட்டார். பிழைதான், அவரே ஒப்புக்கொண்டார். லைசென்ஸை வாங்கிக்கொண்டு தண்டத் துண்டு கொடுத்தார்கள். கையால் எழுதியது முழுக்கச் சிங்களம். அதை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவருடைய பிழைப்பே அந்தத் தாளில் இருக்கிறது, ஒரு வரியும் விளங்கவில்லை. தமிழும் ஆட்சிமொழி என்று இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் சொன்னது 1987இல்.

நான் இறங்கிப் போய்க் கேட்டேன். எழுதியவர் மூத்த ஒருவரைக் கூப்பிட்டார். அவர் தமிழில் பொறுமையாக விளங்கப்படுத்தினார்: 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்ட வேண்டும், தவறினால் இரட்டிப்பு, அதுவும் தவறினால் நீதிமன்றம். பற்றுச்சீட்டோடு இதே நிலையத்துக்கு வந்தால்தான் லைசென்ஸ் கைக்கு வரும். மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் தம்பிக்கு ஒரு நாள் ஓட்டம் போனது. 2025இல் தொடங்கிய, அரச கட்டணங்களை இணையத்தில் கட்டும் கவ்பே (GovPay) முறையில் அலைபேசியிலேயே தண்டம் கட்டி, நின்ற இடத்திலேயே லைசென்ஸை வாங்கிக்கொண்டு போகும் வழி வன்னியின் கடைசி ஊர் வரைக்கும் வர வேண்டும்.

வேகத்தைப் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே, எந்த நேரத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் என் கவலை. பகலில் நேரான ஏ9 என்கிற கண்டி யாழ்ப்பாண வீதியில் நிற்கிறார்கள். நான் பயந்தது இரவில், பரந்தன் முல்லைத்தீவு வீதியில்.

கார்த்திகை மாதம். வயலெல்லாம் விதைத்துக் கிடக்க மாடுகளுக்கு மேய்ச்சல் தரை இல்லை. ஈரத்துக்கும் நுளம்புக்கும் தப்பி இரவில் தார் வீதியில் வந்து படுக்கின்றன. விசுவமடு தாண்டிப் போகையில் மழைத் தூறலில் இரண்டு கண்கள் மினுங்கின. தம்பி பிறேக்கை மிதித்தார். வான் நின்ற இடத்திலிருந்து மூன்று அடியில் ஒரு கறுத்தப் பசு, அருகில் கன்று. இரண்டும் எழும்பவே இல்லை. அதற்கு அப்பால் நெல் மூட்டையோடு ஒரு லாண்ட்மாஸ்டர், பெட்டி பூட்டிய இரு சக்கர உழவு இயந்திரம், போய்க்கொண்டிருந்தது. பெட்டியின் பின்பக்கம் லைற்றும் இல்லை, ஒளி தெறிக்கும் ஒரு ஸ்டிக்கரும் இல்லை. மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அதைக் காண்பது மோதும்போதுதான். நான்கு இரவுகள் அந்த வழியால் போய் வந்தேன், ஒரு ரோந்து வாகனமும் கண்ணில் படவில்லை. பகலில் நிற்கிறவர்களில் இரண்டு பேர் மாலை ஆறு மணிக்குப் பிறகு இங்கே வரட்டும். தண்டம் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, மறித்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் போதும்.

அக்கா வீட்டுக்கு எதிரே பாடசாலை. காலை 7.30 மணிக்கு முன் ஒரு பொலிஸ்காரர் வந்து மணல் டிப்பர்களை மறித்துப் பிள்ளைகளை வீதியைக் கடக்க வைக்கிறார். சின்னதுகள் அவருக்குக் குட்மோர்னிங் சொல்லிக்கொண்டு போகும் அழகே தனி. 1.30க்குப் பாடசாலை விடும்போது அவர் இல்லை. டிப்பர்கள் அதே வேகத்தில் வருகின்றன. அக்காவின் பேத்தி, ஒன்பது வயது, தன் குட்டித் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வீதியில் வைப்பதும் எடுப்பதுமாக நிற்கிறாள்.

ஒரு நாள் காலை அவரிடமே கேட்டேன். "மத்தியானம் எனக்கு மெயின் ரோட்டில டியூட்டி ஐயா" என்றார், கொஞ்சம் தடுமாறும் தமிழில்.

புறப்படுவதற்கு முதல் நாள், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பொலிஸ் நிலையத்துக்குக் கொடுப்பதற்காக அக்காவும் நானும் ஒரு கடிதம் எழுதினோம். கேட்டது ஒன்றுதான்: பாடசாலை நாட்களில் 1.15 முதல் 2 மணி வரை, அந்தக் கடவையில் ஒருவர்.